ஒதுங்கச் சொன்ன இடம்

புதிய மீகடத்திகளைத் தேடிப் பிடிப்பதில் பெர்ன்ட் மத்தியாஸை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலம் இருந்தது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த இயற்பியலாளர். குளிர்வித்தால் மின்தடை அடியோடு இல்லாமல் போகும் கலவைகளை அவரும் அவரோடு இருந்தவர்களும் நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்தார்கள். எங்கே தேட வேண்டும் என்பதற்கு அவர் பெயரில் சில விதிகள் துறைக்குள் வாய்வழியாக உலவின. சமச்சீர் மிகுந்த படிகங்களாகப் பார்த்துத் தேடு. ஆக்சிஜனிடமிருந்து ஒதுங்கு. காந்தத்திடமிருந்து ஒதுங்கு. மின்சாரம் பாயாத பொருளிடமிருந்து ஒதுங்கு. கடைசியாக, கோட்பாட்டாளர்களிடமிருந்து ஒதுங்கு.

மத்தியாஸ் 1980இல் காலமானார். ஆறு வருடம் கழித்து உலகையே கலக்கிய மீகடத்தி வந்தபோது அதில் ஆக்சிஜன் நிறைய இருந்தது. அதன் தாய்ப்பொருள் மின்சாரத்தைக் கடத்தாதது. போதாக்குறைக்குக் காந்த ஒழுங்கும் கொண்டது. ஒரே அடியில் மூன்று விதிகள் காலி. ஒதுங்கச் சொன்னவற்றில் கடைசி விதி மட்டும் பிழைத்தது. அதற்குப் பின் கோட்பாட்டாளர்கள் எழுதிக் குவித்த காகிதத்தைப் பார்த்திருந்தால், அந்த விதியை அவர் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருப்பார்.

அந்த விதிகளை இன்று கேலி செய்வது சுலபம். ஆனால் அன்றைய அறிவில் அவை நியாயமானவை. 1911இல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸின் ஆய்வகத்தில் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தார்கள். 4.2 கெல்வினில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸில், அதன் மின்தடை காணாமல் போனது. காரணம் தெரிய 46 வருடம் ஆயிற்று. 1957இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் கணக்கை முடித்தார்கள். உலோகத்துக்குள் ஒரு எலக்ட்ரான் கடந்து போகும்போது சுற்றியுள்ள நேர்மின் அயனிகள் லேசாக அதன் பக்கம் இழுபடுகின்றன. அயனிகள் கனமானவை, மந்தமானவை. எலக்ட்ரான் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த இழுபாடு சற்று நேரம் அங்கேயே நிற்கிறது. பின்னால் வரும் எலக்ட்ரானை அது ஈர்க்கிறது. நேருக்கு நேர் வந்தால் விலக்கிக்கொள்ளும் இரண்டு எலக்ட்ரான்கள், கால இடைவெளி விட்டு ஒரே இடத்தைப் பயன்படுத்துவதால் ஜோடி சேர்ந்துவிடுகின்றன. ஜோடிகள் எல்லாம் ஒரே குவாண்டம் நிலையில் ஒன்றாக ஓடும்போது தடைக்கு வேலையில்லை.

இந்தக் கணக்கில் எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கம் ஒரு சில்லறைத் தொந்தரவு. 0.1க்குப் பக்கத்தில் ஒரு சிறு எண்ணாக அதைச் சுருக்கிக் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழிக்கத் தைரியம் கொடுத்தவர் சோவியத் இயற்பியலாளர் லெவ் லாண்டாவ். ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் 80 கோடிக் கோடிக் கோடிக்கு மேற்பட்ட கடத்து எலக்ட்ரான்கள் இருந்தாலும், ஒவ்வொன்றும் மற்றவற்றைத் தள்ளினாலும், குறைந்த ஆற்றலில் பார்த்தால் அவை கிட்டத்தட்டத் தனித்தனி ஆள்களாகவே நடந்துகொள்ளும். எடை மட்டும் கொஞ்சம் கூடித் தெரியும் என்று 1956இல் காட்டினார். செம்பு, அலுமினியம், ஈயம் எல்லாம் இதற்கு அடங்கின. அடங்காத பொருள்களும் இருந்தன. அவை பாடப்புத்தகத்தின் ஓரத்தில் கிடந்தன.

அடங்காதவற்றில் மூத்தது நிக்கல் ஆக்சைடு. எலக்ட்ரான்களைத் தனித்தனி ஆள்களாக எடுத்துக்கொள்ளும் கணக்கின்படி அது உலோகமாக இருக்க வேண்டும். கையில் இருப்பதோ மின்சாரம் கடத்தாத பச்சை நிறப் பொருள். 1937இல் பிரிஸ்டலில் நடந்த கூட்டத்தில் டி போயரும் வெர்வேயும் இந்த முரண்பாட்டை எடுத்துவைத்தார்கள். காரணம் எலக்ட்ரான்களின் விலக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று பையர்ல்ஸ் சுட்டிக்காட்டினார்; நெவில் மாட் அந்த யோசனையை வளர்த்தார். அதனால்தான் இன்று இவ்வகைப் பொருள்களுக்கு மாட் காப்பான்கள் என்று பெயர்.

டவுன் பஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே இரண்டு பேர் உட்காரும் இருக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒருவர். பக்கத்தில் இன்னொருவர் உட்காருவதைச் சகிக்காத ஆள். பஸ்ஸில் பாதி இடம் காலி. இருந்தாலும் யாராலும் இடம் மாற முடியாது, மாறினால் இன்னொரு சிடுமூஞ்சியின் பக்கத்தில்தான் போய் உட்கார வேண்டும். மாட் காப்பானில் எலக்ட்ரான்களின் கதி இதுதான். ஒரே அணுவில் இரண்டு சேர்ந்து இருப்பதற்கு ஆகும் ஆற்றல், அடுத்த அணுவுக்குத் தாவுவதால் கிடைக்கும் லாபத்தைவிட மிக அதிகமானால், எல்லாம் அவரவர் இடத்தில் நின்றுவிடுகின்றன. ஒன்று எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மற்றொன்று என்ன செய்யும் என்று சொல்ல முடியாத இந்த நிலையைத்தான் எலக்ட்ரான் ஒட்டுறவு என்கிறார்கள். சராசரி எடுத்துக் கணக்குப் போடும் பழைய வழி இங்கே செல்லாது.

1963இல் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் ஹப்பார்ட் இதற்கு ஒரு மாதிரியை எழுதினார். அதே ஆண்டில் குட்ஸ்வில்லரும் கானமோரியும் தனித்தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சதுரக் கட்டங்கள். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு எலக்ட்ரான் தாவலாம்; அதற்கு ஒரு எண். ஒரே கட்டத்தில் இரண்டு இருந்தால் அபராதம். அதற்கு ஒரு எண். அவ்வளவுதான் சமன்பாடு. உள்ளங்கையில் எழுதிக்கொள்ளலாம். 1968இல் லீப், வூ இருவரும் ஒரே வரிசையில் கட்டங்கள் இருந்தால் வரும் விடையைத் துல்லியமாகக் கண்டார்கள். இரண்டு பரிமாணத்தில் அப்படி ஒரு முழு விடை இன்றுவரை இல்லை. ஹப்பார்டும் 1980இலேயே போய்விட்டார். தன் சமன்பாட்டுக்காக உலகம் அடித்துக்கொள்ளப் போவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1973இல் நயோபியம்-ஜெர்மேனியம் கலவை 23 கெல்வினைத் தொட்டதோடு மீகடத்திகளின் வெப்பநிலை நின்றுபோயிருந்தது. 30, மிஞ்சிப்போனால் 40. அதற்கு மேல் அயனிகளின் அசைவு எலக்ட்ரான்களைச் சேர்த்துவைக்காது என்பது பொதுக் கருத்து. இளைஞர்கள் வேறு வேலை பார்க்கப் போய்விட்ட துறை. அந்த நிலையில்தான் 1986 ஏப்ரலில் ஸூரிச் அருகே ரூஷ்லிக்கோனில் ஐபிஎம் ஆய்வகத்திலிருந்து பெட்நோர்ட்ஸ், முல்லர் இருவரும் ஒரு கட்டுரை அனுப்பினார்கள். லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் கலந்த பீங்கான் போன்ற பொருள்; 30 கெல்வின் வட்டாரத்தில் தடை விழத் தொடங்குகிறது. தலைப்பிலேயே ‘சாத்தியமான’ என்று ஒரு தயக்கச் சொல். டோக்கியோவில் தனாகாவின் குழு அந்த ஆண்டுக் கடைசியில் உறுதிசெய்த பிறகுதான் தயக்கம் தீர்ந்தது. 1987 மார்ச்சில் ஹூஸ்டனின் பால் சூவும் அலபாமாவின் மாவ்-குவென் வூவும் வெளியிட்ட கட்டுரையில் லாந்தனத்துக்குப் பதில் இட்ரியம் வந்தது, வெப்பநிலை 93 கெல்வினுக்குத் தாவியது.

93 என்ற எண்ணின் அருமை, 77 என்ற எண்ணைத் தெரிந்தால்தான் புரியும். திரவ நைட்ரஜன் கொதிக்கும் வெப்பநிலை அது. அதுவரை மீகடத்தி ஆராய்ச்சிக்குத் திரவ ஹீலியம் வேண்டும். இந்தியாவில் அது கிடைத்த இடங்களை விரல்விட்டு எண்ணலாம், விலையும் ஆனை விலை. திரவ நைட்ரஜனோ மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் கொண்டுவரும் கேனில்கூட இருக்கிறது. இட்ரியம் ஆக்சைடுத் தூளும் பேரியம் சேர்மமும் செம்பு ஆக்சைடும் எடுத்து உரலில் அரைத்து, 900 டிகிரிக்கு மேல் உலையில் சுட்டு, வில்லையாக அழுத்தி, மறுபடியும் சுட்டால் சரக்கு தயார். வேதியியல் தெரிந்த எந்தக் கல்லூரி ஆய்வகமும் செய்யக்கூடியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆர். ராவின் குழு இந்தச் செம்பு ஆக்சைடுக் குடும்பத்தை முன்பே ஆராய்ந்து வைத்திருந்தது. அவர்கள் உடனே களத்தில் இறங்கினார்கள். மும்பையிலும் கல்பாக்கத்திலும் உலைகள் எரிந்தன.

1987 மார்ச் 18 இரவு நியூயார்க் ஹில்டன் ஹோட்டலில் அமெரிக்க இயற்பியல் கழகம் நடத்திய அமர்வு இத்துறையின் புராணக் கதையாகிவிட்டது. சுமார் 2000 பேர் முண்டியடித்தார்கள். பேச்சாளர்கள் 51, ஆளுக்கு ஐந்து நிமிடம். விடிகாலை மூன்றே காலுக்குத்தான் கூட்டம் கலைந்தது. ஜூலையில் அதிபர் ரீகனே மீகடத்தி மாநாட்டில் பேசினார். கண்டுபிடித்த மறு வருடமே, 1987இல், பெட்நோர்ட்ஸுக்கும் முல்லருக்கும் நோபல் பரிசு. இன்னும் இரண்டு, மூன்று வருடத்தில் காரணமும் தெரிந்துவிடும் என்று அன்று நம்பாதவர்கள் குறைவு.

காரணம் என்ன என்று முதலில் துணிந்து சொன்ன இடங்களில் ஒன்று பெங்களூர். 1987 ஜனவரியில் அங்கே நடந்த கருத்தரங்குக்கு பிரின்ஸ்டனிலிருந்து பிலிப் ஆண்டர்சன் வந்திருந்தார். அயனி அசைவை விடுங்கள், விலக்கமே இதன் வேர் என்பது அவர் கட்சி. லாந்தனம் செம்பு ஆக்சைடு மாட் காப்பான். ஒவ்வொரு செம்பிலும் ஒரு எலக்ட்ரான் சிறைப்பட்டிருக்கிறது. இடம் மாற முடியாவிட்டாலும் எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு, அதனால் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அடுத்தடுத்த இரண்டு எதிரெதிர்த் திசையில் இருந்தால் ஆற்றல் கொஞ்சம் குறையும். அந்த லாபத்துக்காக இரண்டிரண்டாகக் கைகோத்து, கைகோத்த ஜோடியையும் ஓயாமல் மாற்றிக்கொண்டு ஒரு திரவம் போல இருக்கின்றன என்றார் ஆண்டர்சன். அப்படியானால் ஜோடிகள் ஏற்கெனவே தயார். பேரியமோ ஸ்ட்ரான்ஷியமோ கலந்து சில எலக்ட்ரான்களை எடுத்துவிட்டால் காலி இடங்கள் உண்டாகும், சிறைப்பட்ட ஜோடிகள் ஓடத் தொடங்கும், மீகடத்தி பிறக்கும். மார்ச்சில் இந்த யோசனை அச்சில் வந்தது. அதை முறையான கணக்காக மாற்றிய 1987ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் பெயர் ஜி. பாஸ்கரன். பின்னாளில் சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் இருந்து இதே கேள்வியை விடாமல் துரத்தியவர். உலை தேவைப்படாத, காகிதமும் கரும்பலகையும் போதுமான பங்களிப்பு அது. இந்தியாவிலிருந்து இத்துறைக்குப் போனவற்றில் அதுவே ஆழமானது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அன்று ஆண்டர்சன் பக்கம் நின்றவர்கள் சிறுபான்மை. பழைய வழியிலேயே அயனி அசைவைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம் என்றவர்கள் ஏராளம். வேடிக்கை என்னவென்றால் முல்லரும் பெட்நோர்ட்ஸும் ஆக்சைடுகளைத் தேடிப் போனதே அயனி அசைவை நம்பித்தான். எலக்ட்ரானுக்கும் படிகத்தின் நெளிவுக்கும் பிணைப்பு வலுவாக இருக்கும் பொருள் வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. சரியான வீட்டுக்கு வேறு முகவரியை வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

கட்சி மாற்றத்தை உண்டாக்கியது வாதம் இல்லை, ஜோடியின் வடிவம். விலக்கம்தான் காரணம் என்றால் ஜோடியின் இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே அணுவில் சந்திக்கவே கூடாது. அதற்கு ஏற்ற அலைவடிவம் நாலு இதழ் கொண்டது. அடுத்தடுத்த இதழ்களில் குறி மாறும், ஒன்றில் கூட்டல் என்றால் அடுத்ததில் கழித்தல். நடுவில், இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் புள்ளியில், மதிப்பு பூஜ்யம். பழைய மீகடத்திகளின் ஜோடிக்கு இந்தக் குறிமாற்றம் கிடையாது. குறியை அளப்பது எப்படி? 1993இல் இல்லினாய்ஸில் வான் ஹார்லிங்கனின் குழு ஒரு வழி கண்டது. அடுத்த வருடம் ஐபிஎம்மின் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆய்வகத்தில் சுவேயும் கர்ட்லியும் மூன்று படிகத் துண்டுகளைக் கணக்காகத் திருப்பி ஒட்டிய பரப்பில் ஒரு சிறு வளையம் செய்தார்கள். குறி மாறுவது உண்மையானால் வெளியிலிருந்து எதுவும் செய்யாமலே அந்த வளையத்தில் காந்தப்பாயத்தின் அடிப்படை அலகில் சரிபாதி தானாகத் தோன்ற வேண்டும். தோன்றியது. இயற்பியலில் இவ்வளவு சுத்தமான ஆம்-இல்லை சோதனைகள் அபூர்வம்.

அன்றும் இன்றும் என்று ஒப்பிட இங்கே கோடு போடலாம். 1986க்கு முன் விலக்கம் கழிக்க வேண்டிய எண். இன்று செம்பு ஆக்சைடு மீகடத்திகளைப் பற்றி எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதுதான் தொடக்கப்புள்ளி. ஒரே செம்பு அணுவில் இரண்டு துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள், சேர ஆகும் விலை சுமார் 8 எலக்ட்ரான்வோல்ட். அதிலிருந்து பிறக்கும் அண்டைக் காந்தங்களின் பிணைப்பு சுமார் 0.13 எலக்ட்ரான்வோல்ட், வெப்பநிலையாகச் சொன்னால் 1500 கெல்வின். அயனி அசைவின் அளவு சில நூறு கெல்வின்தான். நூறு கெல்வினில் மீகடத்தி எப்படி வரும் என்ற திகைப்பு போய், 1500 கெல்வின் பிணைப்பு இருந்தும் ஏன் 133இலேயே நின்றுவிட்டது என்று கேட்கிறார்கள். 1993இல் ஸூரிச்சில் பாதரசம் கலந்த செம்பு ஆக்சைடு தொட்ட 133தான், சாதாரண அழுத்தத்தில் இந்தக் குடும்பம் வெகுகாலம் தாண்டாத உச்சம்.

ஆனால் கோடு நேராகப் போகவில்லை. மீகடத்தியாக மாறுவதற்கு மேலே உள்ள வெப்பநிலையில் இந்தப் பொருள்கள் நடந்துகொள்ளும் விதம், மீகடத்தலைவிடப் பெரிய புதிராகிவிட்டது. 1989 வாக்கிலேயே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு அளவீடுகள் ஒரு விஷயத்தைக் காட்டின: கலப்பு குறைவான பொருள்களில், மீகடத்தி ஆவதற்கு வெகு முன்பே, எலக்ட்ரான்களுக்கான குறைந்த ஆற்றல் நிலைகளில் ஒரு பகுதி காணாமல் போகிறது. போலி இடைவெளி என்று அதற்குப் பெயர். ஜோடிகள் சேர்ந்தும் ஒருங்கிணையாமல் நிற்கும் நிலை என்றது ஒரு தரப்பு. மீகடத்தலோடு போட்டியிடும் வேறு ஒழுங்கு என்றது இன்னொரு தரப்பு. 1995இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் டிரான்குவாடா குழு, காலி இடங்கள் வரிவரியாக ஒதுங்கி நிற்பதையும் வரிகளுக்கு நடுவே காந்த ஒழுங்கு இருப்பதையும் நியூட்ரான் கொண்டு காட்டியது. 2012இல் எக்ஸ்கதிர் அளவீடுகள் இட்ரியம் குடும்பத்திலும் மின்னூட்ட அலைகளைக் கண்டன. 2007இல் பிரான்சின் துலூஸில் வலுவான காந்தப்புலத்தில் அளந்தபோது, கலப்பு குறைந்த பொருளில் எலக்ட்ரான்கள் ஒழுங்கான சிறு சுற்றுப்பாதைகளில் சுழல்வது தெரிந்தது. உலோகமே இல்லை என்று நினைத்த இடத்தில் உலோகத்தின் கையெழுத்து. அந்த வகை அளவீட்டை கேம்பிரிட்ஜில் முன்னெடுத்தவர்களில் ஒருவர் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் படித்த சுசித்ரா செபாஸ்டியன். இப்படி ஒவ்வொரு புதுக் கருவியும் ஒரு புது ஒழுங்கோடு வந்து நின்றது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் விநோதமானது, பெயரிலேயே விநோதம் வைத்திருக்கும் விநோத உலோகம். சரியான அளவு கலந்த செம்பு ஆக்சைடின் மின்தடை வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறுகிறது. பிஸ்மத் குடும்பத்தின் ஒரு பொருளில் 10 கெல்வினிலிருந்து 700 கெல்வின் வரை கோடு வளையவே இல்லை. எலக்ட்ரான் மோதி மோதித் தன் திசையை மறக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால், பிளாங்க் மாறிலியையும் வெப்பநிலையையும் மட்டும் வைத்து எழுதக்கூடிய நேரத்துக்கு அருகே வருகிறது. நூறு கெல்வினில் அது ஒரு நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. படிகம் எது, மாசு எவ்வளவு என்ற விவரங்கள் அந்தக் கணக்கில் அவ்வளவாக நுழைவதில்லை. இவ்வளவு சீக்கிரம் அடையாளம் இழப்பதைத் தனி எலக்ட்ரான் என்று அழைப்பதே பொருத்தமில்லை. லாண்டாவ் கொடுத்த தைரியம் இங்கே செல்லுபடியாகாது. கருந்துளைக் கணிதத்தைக் கடன் வாங்கி இதை விளக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. கடன் அடையுமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் மாட்டுக்கேன் நைட்ரஜனில் குளிர்ந்த ஒரு வில்லை அவ்வளவு தூரம் யோசிக்கவைப்பது சாதாரண விஷயம் இல்லை.

கணக்கு போடும் விதமும் மாறியது. ஹப்பார்டின் கட்டங்கள் 20 இருந்தாலே சாத்தியமான நிலைகள் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். ஒவ்வொரு கட்டம் கூடும்போதும் அது நாலு மடங்காகும். 1987இல் கணினி பிடித்துக்கொடுத்த பரப்பு கைக்குட்டை அளவு. அதனால் ஆளுக்கொரு தோராயம், ஆளுக்கொரு விடை, மாநாட்டுக்கு மாநாடு சண்டை. ஆண்டர்சன் கையால் எழுதிய அலைச்சார்பைக் கணினியில் ஏற்றி நேர்மையாகக் கணக்கிட்டவர்களில் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் பரமேகாந்தி, ரந்தேரியா, திரிவேதி முக்கியமானவர்கள். 2001இல் வந்த அவர்கள் கணக்கு, கலப்புக்கு ஏற்ப மீகடத்தல் ஏறி இறங்குவதைப் பரிசோதனைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது. இப்போது ஒரே கேள்வியை நாலைந்து வெவ்வேறு முறைகளால் கணக்கிட்டு, விடைகள் ஒத்துவந்தால் மட்டும் வெளியிடும் பழக்கம் வந்திருக்கிறது. அப்படி 2017இல் வந்த கட்டுரை, எட்டில் ஒரு பங்கு காலி செய்தால் ஹப்பார்டின் மாதிரியில் வெல்வது வரிகள்தான் என்றது. 2020இல் இன்னொரு குழு, தூய்மையான ஹப்பார்டு மாதிரியில், அவர்கள் பார்த்த எல்லைக்குள், மீகடத்தலே இல்லை என்று அறிவித்தது. பல பேருக்கு அது பேரிடி. 2024இல் பக்கத்துக் கட்டத்தோடு மூலைவிட்டக் கட்டத்துக்கும் தாவ அனுமதித்துக் கணக்கிட்டபோது மீகடத்தல் திரும்பி வந்தது, வரிகளோடு சேர்ந்தே. அறுபது வருடத்துக்கு முன் எழுதிய இரண்டு எண்களோடு மூன்றாவதாக ஒன்று. தோற்றுப்போன நிலைக்கும் வென்ற நிலைக்கும் ஆற்றல் வித்தியாசம் தாவல் எண்ணில் நூறில் ஒரு பங்கு அளவுதான். இயற்கையிலும் நிலைகள் இவ்வளவு நெருக்கமாகப் போட்டியிடுகின்றன என்றால், ஆய்வாளர்கள் நாற்பது வருடம் ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டிருந்ததில் ஆச்சரியம் என்ன?

வெப்பநிலைச் சாதனையை மட்டும் பார்க்கிறவருக்கு இன்றைய கதை தலைகீழாகத் தெரியும். 2015இல் ஜெர்மனியின் மைன்ட்ஸில் எரிமெட்ஸ் குழு ஹைட்ரஜன் சல்ஃபைடை 15 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கி 203 கெல்வினில் மீகடத்தியாக்கியது. சில வருடத்தில் லாந்தனம் ஹைட்ரைடு 250ஐத் தொட்டது. அவற்றில் ஜோடி சேர்ப்பது அதே பழைய அயனி அசைவு, ஹைட்ரஜன் லேசானதால் வேகமாக அசைகிறது, அவ்வளவே. 1957இன் கோட்பாடு முன்கூட்டியே கணித்துச் சொன்ன வெற்றி அது. காரணம் தெரிந்த மீகடத்திக்கு வைர இடுக்கி தேவை. காரணம் முழுதாகத் தெரியாத செம்பு ஆக்சைடோ கிலோமீட்டர் கணக்கில் நாடாவாகச் சுற்றி விற்பனைக்கு வந்துவிட்டது.

அந்த நாடாவும் சுலபத்தில் வரவில்லை. பீங்கான் வளையாது. படிகத் துகள்கள் ஒன்றுக்கொன்று சில டிகிரி திரும்பியிருந்தாலே அவற்றுக்கு நடுவே மின்னோட்டம் தள்ளாடும். நாலு இதழ் ஜோடியின் குறிமாற்றத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. உலோகப் பட்டையின் மேல் துகள்களை ஒரே திசையில் வரிசைப்படுத்தி ஓரிரு மைக்ரான் தடிமனுக்குப் படியவைக்கும் வித்தை கைவர இருபது வருடம் பிடித்தது. 2014இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஒரு கிலோமீட்டர் மீகடத்திக் கேபிள் ஊருக்கு மின்சாரம் கொடுத்தது. 2021 செப்டம்பரில் எம்ஐடியில் 267 கிலோமீட்டர் நாடாவைச் சுற்றிச் செய்த காந்தம் 20 டெஸ்லாவை எட்டியது. அணுக்கரு இணைவு உலைக்கான முன்னோட்டம். ரீகன் காலத்துக் கனவில் வந்த நஷ்டமில்லா மின்கம்பிகள் நம் தெருவுக்கு வரவில்லை. மருத்துவமனை எம்ஆர்ஐ இயந்திரங்களில் பெரும்பாலானவை இன்னும் நயோபியம்-டைட்டேனியம் கம்பியையும் திரவ ஹீலியத்தையும்தான் நம்பியிருக்கின்றன.

பரபரப்பின் முகமும் வேறாகிவிட்டது. 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீகடத்தி என்று செய்தி வந்தபோது, ஹில்டன் ஹோட்டலுக்குப் பதில் செல்பேசித் திரை. மிதக்கும் கருப்புத் துண்டின் காணொளியை உலகமே பார்த்தது. சில வாரங்களில் ஆய்வகங்கள் அதைப் பிரித்துப்போட்டன: செம்பு சல்ஃபைடு என்ற மாசு நூறு டிகிரி செல்சியஸ் வட்டாரத்தில் படிக அமைப்பு மாறுவதால் வந்த தடைவீழ்ச்சி. பார்க்க உற்சாகமாக இருந்தது. துறைக்குள் இருந்தவர்கள் அதற்கு முந்தைய வாரம் வந்த வேறொரு கட்டுரையைத்தான் அதிகம் படித்தார்கள்.

அது நிக்கலைப் பற்றியது. பெட்நோர்ட்ஸும் முல்லரும் 1983இல் தேடலைத் தொடங்கியதே நிக்கல் ஆக்சைடுகளில்தான். ஒன்றும் கிடைக்காமல் இரண்டு வருடம் கழித்து, பிரான்சின் கான் நகரிலிருந்து வந்த ஒரு செம்பு ஆக்சைடுக் கட்டுரையைப் படித்து இடம் மாறினார்கள். செம்புக்குப் பக்கத்து வீடு நிக்கல், ஒரு எலக்ட்ரான்தான் வித்தியாசம். விலக்கம்தான் காரணம் என்றால் அங்கேயும் நடக்க வேண்டுமே என்று முப்பது வருடமாகத் தேடினார்கள். 2019இல் ஸ்டான்ஃபோர்டில் ஹாரோல்ட் ஹ்வாங்கின் குழு மெல்லிய நிக்கல் ஆக்சைடுப் படலத்தில் 9 முதல் 15 கெல்வினில் மீகடத்தலைக் கண்டது. 2023இல் சீனாவின் குவாங்சோவில் சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்தினர் இரட்டைத் தளம் கொண்ட லாந்தனம் நிக்கல் ஆக்சைடை ஒன்றரை லட்சம் வளிமண்டல அழுத்தத்துக்குச் சற்றுக் குறைவாக நசுக்கி, 80 கெல்வினைத் தொட்டார்கள். நைட்ரஜன் கொதிநிலையைத் தாண்டிய இரண்டாவது ஆக்சைடுக் குடும்பம். 2024 முடிவதற்குள், பொருத்தமான அடித்தளத்தின் மேல் வளர்த்த படலத்தில் நசுக்காமலே 40 கெல்வினை ஒட்டி மீகடத்தல் தொடங்குவதைக் கண்டுவிட்டார்கள்.

செம்பில் எலக்ட்ரான்கள் ஒரே வகைச் சுற்றகத்தில் ஓடுகின்றன. இந்த நிக்கல் பொருளில் இரண்டு வகை. ஒன்று தளத்துக்குள் ஓடுவது. இன்னொன்று மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் நடு ஆக்சிஜன் வழியாக இணைப்பது. ஹப்பார்டின் ஒற்றைக் கட்டம் இங்கே போதாது. ஜோடி தளத்துக்குள் சேர்கிறதா, இரண்டு தளங்களுக்குக் குறுக்கே சேர்கிறதா, அதன் அலைவடிவத்தில் குறி எங்கே மாறுகிறது என்பதில் குழுவுக்குக் குழு கருத்து வேறு. அழுத்தத்துக்குள் மாட்டிக்கொண்ட துணுக்கில் யார்க்டவுன் ஹைட்ஸ் பாணிச் சோதனை செய்ய வழியில்லை. அழுத்தம் தேவைப்படாத படலங்கள் இப்போது கையில் இருப்பதால், அதைச் செய்யும் போட்டி தொடங்கிவிட்டது.